தாடியஸ் ஸ்டீவன்ஸ் பத்தி பேசப் போறேன், ஆனா 1821 கேஸ் ஒண்ணு உறுத்துது, பெரியவங்க கொஞ்சம் சொல்லுங்க

காட்பாடி ஜூனியர்:

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரி கோர்ட்ல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன், என்ரோல் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது. நாங்க ஜூனியருங்க பத்து பன்னெண்டு பேர் சேந்து மாசத்துல ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உக்காருவோம், ஒரு வக்கீலோட வாழ்க்கைய எடுத்து ஒருத்தர் அரை மணி நேரம் பேசணும். அம்பேத்கர் ஆச்சு, வ.உ.சி. ஆச்சு, அடுத்தது என் முறை.

நான் எடுத்தது தாடியஸ் ஸ்டீவன்ஸ், அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநில வக்கீல், மாநில சட்டசபைல இருந்தவர், அப்புறம் காங்கிரஸுக்கும் போனவர். இவர்கிட்ட எப்படி வந்தேன்னா, நம்ம அரசியல் சட்டம் 14வது பிரிவுல சட்டத்தின் முன் சமம்னு ஒண்ணு வரும், பக்கத்துலயே சட்டங்களோட சமமான பாதுகாப்புனு இன்னொண்ணு வரும் இல்லையா, அந்த ரெண்டாவது அமெரிக்காவோட 14வது திருத்தத்துல இருந்து வந்ததுனு காலேஜ்ல படிச்சது, சரி அந்தத் திருத்தத்துக்காக அங்க யார் நின்னாங்கனு தேடிப் போனப்ப இவர் பேர் வந்தது. அந்த சமத்துவ வாசகத்த எழுதுனது பெரும்பாலும் ஒஹாயோ மாநிலத்து ஜான் பிங்ஹம், ஆனா 15 பேர் கமிட்டில உக்காந்து சபைல அத தள்ளிக்கிட்டு போனதுல ஸ்டீவன்ஸ் பங்கு பெருசு.

பொறந்தது 1792, வெர்மான்ட் மாநிலம் டான்வில். பொறக்கும்போதே ஒரு கால் பாதம் வளைஞ்சிருந்தது. அப்பா செருப்பு தைக்கறவர், நாலு புள்ளைங்கள விட்டுட்டு போயிட்டார். அம்மா சாராதான் எல்லாம், பெரிய பையனுக்கு ரெண்டு பாதமும் வளைஞ்சி இருந்ததாம், அந்த அம்மா புள்ளைங்க படிக்கணும்னே பீச்சம்னு வேற ஊருக்கு குடி மாறிப் போனாங்க. இவர் 1814ல டார்ட்மவுத் காலேஜ் முடிச்சிட்டு பென்சில்வேனியாவுல யார்க்ங்கற ஊருக்கு வந்து பகல்ல வாத்தியார் வேலை, மிச்ச நேரம் சட்டப் படிப்புனு இருந்திருக்கார், அந்த ஊர் வக்கீலுங்க என்ன பண்ணாங்கன்னா வேற வேலை பாத்துக்கிட்டே படிச்சவங்கள சேக்க மாட்டோம்னு ஒரு ரூல் போட்டுட்டாங்க, இவர் குதிரை ஏறி பக்கத்து மாநிலம் மேரிலாந்துல பெல் ஏர் போயி பரிட்சை குடுத்து வக்கீலாயி, 1816ல கெட்டிஸ்பர்க்ல போர்டு மாட்டிட்டார். இத படிச்சப்ப எனக்கு கண்ணுல தண்ணி, ஏன்னா நானும் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சரா இருந்துக்கிட்டே படிச்சவ.

இதுவரைக்கும் சந்தோஷமா நோட்ஸ் எடுத்துக்கிட்டு வந்தேன். அப்பதான் 1821 கேஸ் வந்தது.

சாரிட்டி பட்லர்னு மேரிலாந்துல ஒரு அடிமைப் பொண்ணு. பென்சில்வேனியாவுல 1780லயே ஒரு சட்டம், வெளி மாநிலத்துல இருந்து கூட்டிட்டு வந்த அடிமைய ஆறு மாசம் இங்க வச்சிருந்தா அவங்க விடுதலை. சாரிட்டிய வேலைக்கு வச்சிருந்த குடும்பம் அடிக்கடி பென்சில்வேனியா போறப்பல்லாம் அவங்களயும் கூட்டிட்டு போனது, எல்லா நாளயும் கூட்டினா ஆறு மாசத்த தாண்டுதுனு சாரிட்டி பக்கம் வாதம். சொந்தம் கொண்டாடுன டெலப்ளெய்ன்ங்கறவருக்கு ஆஜரானது நம்ம ஸ்டீவன்ஸ். விட்டு விட்டு இருந்தத கூட்டக்கூடாது, ஆறு மாசம்னா தொடர்ச்சியா ஆறு மாசம்னு வாதாடி மாநில சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சிட்டார். அந்தப் பொண்ணும் புள்ளைங்களும் அடிமையாவே திரும்பிப் போனாங்க.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் வரல. கூட இருக்கற ஃப்ரெண்ட் சொல்றா, கட்சிக்காரருக்கு வாதாடறது நம்ம கடமை, இத ஒரு வரில சொல்லிட்டு தாண்டிப் போயிடுனு. என்னால தாண்ட முடியல. ஆள மாத்திடலாமா, இல்ல இவரயே பேசறதுனா இந்த கேஸ எங்க வைக்கறது?

---

பழைய பார் ரூம்:

ஆள மாத்தாதம்மா. கேஸ மறைக்கவும் வேணாம், கடைசில வைக்கவும் வேணாம்.

உன் ஃப்ரெண்டு சொல்றதும் பொய் இல்ல, தகுந்த ஃபீஸ் குடுத்தா வந்த கட்சிய எடுக்கணும்னுதான் பார் கவுன்சில் விதியே இருக்கு. ஆனா நீ அவர் எந்தப் பக்கம் நின்னார்னு மட்டும் பாக்கற, எந்த பாயிண்ட்ல ஜெயிச்சார்னு பாரு. நாள் கணக்கு. தொடர்ச்சியா, கூட்டியா. இது உனக்கு எங்கயாவது கேட்ட மாதிரி இல்ல? அப்ப இருந்த தொழில் தகராறு சட்டம் 25பி, 12 மாசத்துல 240 நாள் வேலை செஞ்சிருந்தாதான் ஒரு வருஷம் தொடர்ச்சியா வேலைனு கணக்கு, அப்பதான் நோட்டீஸ், நஷ்டஈடு இல்லாம நிறுத்த முடியாது.

நான் தொழிலுக்கு வந்து ஆறாவது ஏழாவது வருஷம் இருக்கும், ஒரு தோல் ஷாப்பு நிர்வாகத்துக்கு லேபர் கோர்ட்ல ஆஜரானேன். வேலைய விட்டு நிறுத்துன பொம்பளைங்க நாலு பேர். அந்த ஷாப்புல ஆள எடுக்கறது, மூணு மாசம் ஆனதும் மாசக் கணக்குல வீட்ல உக்கார வைக்கறது, திரும்ப கூப்புடறது, இதே வழக்கம், யாருக்கும் 240 வந்துடக்கூடாதுனே செய்யறது. எனக்கும் அது தெரியும். மஸ்டர் ரோல, அதான் வருகைப் பதிவேட்ட வாங்கி மூணு ராத்திரி உக்காந்து எண்ணினேன், நாலு பேர்ல ஒருத்தருக்கும் வரல, ஒரு அம்மாவுக்கு மட்டும் கிட்ட வந்து 231ல நின்னுது. ஜெயிச்சிட்டேன். வெளிய வந்தா புளியமரத்தடில தூக்கு சட்டியோட அந்த அம்மா நின்னுச்சு, அழல, திட்டல, ஒம்போது நாள் நான் குறைச்சலா வேலை செஞ்சேனா சார்னு கேட்டுச்சு. அவ்வளவுதான் கேட்டுச்சு. முப்பது வருஷம் ஆகப்போவுது, அந்தக் குரல் இன்னும் எனக்கு கேக்குது. அதுக்கப்புறம் நிர்வாகம் பக்கம் லேபர் வக்காலத்து நான் வாங்கினதில்ல.

அதனால ஸ்டீவன்ஸ் விஷயத்துல எனக்கு கேள்வி 1821 இல்ல, 1822ல இருந்து என்ன பண்ணார்ங்கறது. 1823 ஜூலை 4 விருந்துல எல்லாரும் வாழ்த்து சொல்றப்ப இவர் எழுந்து, அடுத்து வர்ற ஜனாதிபதி ஒரு மனுஷனுக்கும் விலங்கு பூட்டாத சுதந்திர மனுஷனா இருக்கட்டும்னு சொன்னார், அப்ப வரைக்கும் இருந்த ஜனாதிபதிங்கள்ல பாதிக்கு மேல அடிமை வச்சிருந்தவங்க. 1833ல மாநில சட்டசபைக்கு போனார். 1837, 38ல பென்சில்வேனியாவுக்கு அரசியல் சட்டத்த திருத்தி எழுத ஒரு மாநாடு போட்டாங்க, அதுல ஓட்டுரிமை வெள்ளை ஆம்பளைங்களுக்கு மட்டும்னு ஒரு வார்த்தைய சேத்தாங்க, மாநாட்டுல உறுப்பினரா உக்காந்து மாசக்கணக்கா உழைச்ச மனுஷன் கடைசில கையெழுத்து போட மாட்டேன்னுட்டார். நம்ம தொழில்ல கையெழுத்து போடாம இருக்கறதோட அருமை உனக்கு போகப் போக தெரியும்.

அப்புறம் 1851. இத கொஞ்சம் நிறுத்தி பேசு. அதுக்கு முந்தின வருஷம்தான் ஓடிப்போன அடிமைய பிடிச்சுக் குடுக்கணும், பொதுஜனமும் ஒத்தாசை பண்ணணும்னு மத்திய சட்டம் வந்திருக்கு. மேரிலாந்துல இருந்து கோர்சச்னு ஒரு பண்ணைக்காரர் ஆளுங்களோட பென்சில்வேனியா கிறிஸ்டியானாவுக்கு செப்டம்பர் 11 விடியக்காலைல வந்தார், அங்க இருந்த கறுப்பு ஜனங்க எதுத்து நின்னாங்க, சண்டைல கோர்சச் செத்துட்டார். அரசாங்கம் 38 பேர் மேல தேசத்துரோக கேஸ் போட்டுச்சு, கொலைனு கூட இல்லம்மா, தேசத்துரோகம். மொதல்ல விசாரிச்சது காஸ்ட்னர் ஹேன்வேனு ஒரு வெள்ளைக்கார மில்காரர், பிடிக்க ஒத்தாசை பண்ண மாட்டேன்னு நின்னவர். பிலடெல்பியாவுல நடந்த அந்த கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீலுங்கள்ல ஸ்டீவன்ஸ் ஒருத்தர், அப்ப அவர் காங்கிரஸ் உறுப்பினரும் கூட. ஜூரி உள்ள போயி கால் மணி நேரத்துல விடுதலைனு சொல்லிட்டாங்க, மத்தவங்க மேல இருந்த துரோக கேஸும் அதோட போச்சு.

அடிமைக்கு சொந்தம் கொண்டாடற மேரிலாந்து ஆளு, பென்சில்வேனியா மண்ணு, அதே சண்டைதான், முப்பது வருஷம் கழிச்சி எதிர் பக்கம் நிக்கறார். நீ சாரிட்டி பட்லர்ல ஆரம்பி.

---

குடியாத்தம் வாத்தியார்:

நான் ரிடையர்டு ஹெட்மாஸ்டர், சட்டம் தெரியாது, ஆனா இந்த மனுஷன எனக்கு நல்லா தெரியும். அவர் பண்ணதுல பெரிய காரியம் பள்ளிக்கூடம்தான், அத விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் கேஸ் பேசிக்கிட்டு இருக்கீங்க.

பென்சில்வேனியாவுல 1809ல இருந்து ஒரு சட்டம் இருந்தது, ஏழைப் புள்ளைங்களுக்கு ஃபீஸ அரசாங்கம் கட்டும், ஆனா அப்பன் ஆத்தா வந்து நாங்க ஏழைங்கனு சொல்லி பேர் எழுதிக்கணும். மானத்துக்கு பயந்து பாதி பேர் புள்ளைங்கள அனுப்பவே இல்ல. 1834ல அத மாத்தி எல்லா புள்ளைக்கும் பொதுப் பள்ளிக்கூடம், வரில இருந்து செலவுனு சட்டம் கொண்டு வந்தாங்க. ஊரே எதுத்துச்சு. வரி கட்டறவன் எதுத்தான், புள்ளை இல்லாதவன் நான் ஏன் குடுக்கணும்னான், ஜெர்மன் பேசற குடியானவங்க எங்க பாஷையும் எங்க சர்ச் பள்ளிக்கூடமும் போயிடும்னு பயந்தாங்க. அடுத்த வருஷமே ரத்து பண்ண மேல்சபைல ஓட்டு போட்டாச்சு, கீழ்சபைலயும் ரத்துதான்னு எல்லாரும் முடிவு பண்ணியாச்சு, ஸ்டீவன்ஸோட சொந்தத் தொகுதி ஆடம்ஸ் கவுன்டி ஜனங்களே ரத்து பண்ணுனுதான் சொல்லி அனுப்புனாங்க.

1835 ஏப்ரல் 11. எழுந்து பேசுனார். ரத்து பண்ணிட்டு பழையபடி ஏழைப் புள்ளைங்களுக்கு மட்டும் தனியா படிப்புனு வச்சிருந்த மசோதாவ பாத்து, இதுக்கு ஏழைங்களுக்கு சூடு போட்டு அடையாளம் வைக்கிற சட்டம்னு பேர் வைங்கன்னார். பேசி முடிச்சதும் சபை திரும்பிடுச்சு, மேல்சபையும் அதுக்கப்புறம் வழிக்கு வந்துச்சு. பள்ளிக்கூடம் நின்னுச்சு.

எங்க அப்பா குடியாத்தத்துல லுங்கி தறி ஓட்டுனவர். 1954 இடைத்தேர்தல்ல காமராஜர் முதலமைச்சரா இருந்துக்கிட்டு எங்க ஊர்லதான் நின்னு ஜெயிச்சார், அப்பா சாகற வரைக்கும் அத சொல்லிக்கிட்டு இருந்தார். நான் படிச்சது அவர் போட்ட சோத்துல, ஃபீஸ் இல்லாத பெஞ்சுல. ஆனாலும் ஒரு வருஷம் இலவச நோட்டு வந்தப்ப ஏழைப் பசங்கல்லாம் எந்திரிச்சு நில்லுங்கடானு ஒரு சார் சொன்னார், நாங்க ஒம்போது பேர் நின்னோம், பின்னாடி பெஞ்சுல எங்க தெரு பையன் ஒருத்தன் நிக்காம குனிஞ்சு உக்காந்துட்டான், அவனுக்கு நோட்டு வரல, அடுத்த மாசம் அவன் பள்ளிக்கூடத்துக்கே வரல, தறிக்கு போயிட்டான். சூடு போடறதுங்கற வார்த்தைய படிச்சதும் அவன் முதுகுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. நான் வாத்தியாரா இருந்த 34 வருஷமும் லிஸ்ட மொத நாளே எழுதி வச்சிக்குவேன், ஒரு புள்ளையயும் நிக்க வச்சதில்ல.

ஆள் குணத்துலயும் குத்தம் உண்டு, அதயும் சொல்லும்மா. மேசன்னு ரகசியச் சங்கம் ஒண்ண எதுக்கறதே கட்சியா இருந்தது அவருக்கு, அதுல அளவு மீறிப் போனார். 1838 தேர்தல் தகராறுல ஹாரிஸ்பர்க் மேல்சபைக்குள்ள கூட்டம் புகுந்து, இவர் ஜன்னல் வழியா குதிச்சு தப்பிச்சார், அந்தத் தகராறுல நியாயம் இவர் பக்கம் இருந்ததா எனக்குத் தோணல.

அப்புறம் அம்மா. வாழ்க்கைல தனக்குப் பெரிய சந்தோஷம் எதுன்னு அவரே சொல்லியிருக்கார், அம்மாவுக்கு 250 ஏக்கர் நிலமும் 14 கறவை மாடும் வாங்கிக் குடுக்க முடிஞ்சது, அப்பப்ப ஒரு தங்கக் காசு குடுத்தா அந்த அம்மா அத கொண்டு போயி சர்ச் உண்டியல்ல போடறத பாக்கறது. கல்யாணம் பண்ணிக்கல அவர்.

---

தொரப்பாடி டு பென்சில்வேனியா:

அக்கா, நான் தொரப்பாடி பையன், இப்போ லான்காஸ்டர்ல இருந்து முக்கா மணி நேரத்துல கீறேன். ஸ்டீவன்ஸ் 1842ல கெட்டிஸ்பர்க்க வுட்டுட்டு லான்காஸ்டருக்கு வந்துட்டாரு, சாகற வரைக்கும் அதான் அவரு ஊரு. நான் ரெண்டு தபா அவரு சமாதிக்கு போயிகீறேன், மொத தபா சும்மா வீக்கெண்ட்ல சுத்திகினு இருந்தப்போ செஸ்ட்நட் தெருவுல நடந்துகினே போறேன், மல்பெரி தெரு முனைல சின்னதா ஒரு கல்லறை, கேட்டு தொறந்து கீது, உள்ள போனா இவரு. நம்மூர்ல ஒரு வார்டு கவுன்சிலருக்கு கூட இத்த வுட பெருசா கட்டுவாங்க.

இன்னா விசயம்னா, அந்த ஊர்ல மத்த கல்லறைங்கள்ல வெள்ளைக்காரங்கள மட்டும்தான் பொதைக்கணும்னு பத்திரத்துலயே எழுதி வெச்சிருந்தாங்க. இவரு அத்தெல்லாம் வேணாம்னுட்டு எல்லாரயும் பொதைக்கிற இந்த சின்ன எடத்த புடிச்சாரு. கல்லுல அவரே எழுதி வெச்சத பொறிச்சி கீறாங்க. நான் தமிழ்ல சொல்றேன், தப்பா இருந்தா மன்னிச்சிக்கங்க: இந்த அமைதியான ஒதுக்குப்புறமான எடத்துல நான் படுத்திருக்கறது தனிமை மேல ஆசைப்பட்டு இல்ல, மத்த கல்லறைங்க இனம் பாத்து ஆள சேக்குதுன்னு தெரிஞ்சி, வாழ்நாள் முழுக்க நான் சொன்ன கொள்கைய என் சாவுலயும் காட்டணும்னு இத்த தேர்ந்தெடுத்தேன், படைச்சவன் முன்னாடி மனுஷங்க எல்லாரும் சமம்.

அங்கயே உக்காந்துட்டேன்க்கா. எங்க தெருவுல தாத்தா செத்தப்போ எந்த வழியா தூக்கினு போவணும்னு ராத்திரி பூரா பேச்சுவார்த்தை நடந்தது எனக்கு தெரியும்.

உயில பத்தியும் சொல்லிடறேன். அனாதைப் புள்ளைங்களுக்கு ஒரு இல்லம் வெக்க பணம் எழுதி வெச்சாரு, அதுல கலர் பாக்கக்கூடாது, எல்லாரும் ஒரே கிளாஸ்ல படிக்கணும், ஒரே மேஜைல சாப்புடணும்னு போட்டாரு. 1860கள்ல சமபந்திய உயில்ல எழுதுன மனுஷன். அந்தப் பணத்துல வந்தது இப்போ அவரு பேர்லயே டெக்னிக்கல் காலேஜா கீது, வெல்டிங், தச்சு வேலைனு தொழில் சொல்லித் தராங்க. அம்மாவயும் அண்ணன் தம்பில ஒருத்தரயும் பொதைச்ச கல்லறைக்கு 500 டாலர், வருஷா வருஷம் அவங்க சமாதி நாலு மூலைலயும் ரோஜா செடி நடணும்னு. அவரு வூட்ட இருவது வருஷம் பாத்துகினது லிடியா ஹாமில்டன் ஸ்மித்னு ஒரு கலப்பினப் பொம்பளை, அவங்களுக்கு மொத்தமா 5,000 டாலரோ இல்ல வருஷத்துக்கு 500 டாலரோ அவங்க இஷ்டம்னு எழுதுனாரு, அவங்க அவரு வூட்டயே அப்புறம் வெலைக்கு வாங்கிட்டாங்க.

---

வாணியம்பாடி பக்கம்:

கல்லறைன்னதும் நான் எழுதாம இருக்க முடியல. 2019 ஆகஸ்ட்ல வாணியம்பாடி நாராயணபுரத்துல பாலாத்து பாலத்து மேல இருந்து பாடைய கயித்துல கட்டி கீழ இறக்குன வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, சுடுகாட்டுக்குப் போற வழி எங்க நிலம்னு அடைச்சதால. ஹைகோர்ட் தானா கேஸ் எடுத்துச்சு. நாங்க அந்தப் பக்கத்து ஜனங்க. வீடியோ வர்றதுக்கு முன்னாடி எத்தன வருஷம் எத்தன பேர அப்படி இறக்கினோம்னு எங்களுக்குத்தான் தெரியும். அதனால அந்தக் கல்லுல இருக்கற வாசகம் எனக்கு அழகான வார்த்தையா தெரியல, வேலையா தெரியுது, ஒரு ஆள் தன் பொணத்த வச்சி செஞ்ச வேலை.

ஆனா ஒண்ணு கேக்கறேன். வக்கீல் ஐயா சொன்னாரு, அந்த அம்மா புளியமரத்தடில நின்னு கேட்டதுன்னு. அப்புறம் ஐயா மாறிட்டாரு, நல்லது, ஆனா அந்த அம்மாவுக்கு வேலை திரும்ப கெடச்சுதா? ஸ்டீவன்ஸ் மாறிட்டாரு, சாரிட்டி பட்லருக்கு என்ன கெடச்சுது? அவங்க புள்ளைங்களுக்கு? பெரிய மனுஷன் மனசு மாறறதுக்கு நம்ம ஜனம் ஒருத்தி பாடமா ஆவணுமா? தங்கச்சி, நீ பேசறப்ப அவர ஹீரோவா வச்சி சாரிட்டிய அவர் கதைல ஒரு படியா வைக்காத. அவங்க கோர்ட்டுக்கு வந்தாங்க. 1821ல ஒரு அடிமைப் பொண்ணு நாள் கணக்கு வச்சி, எனக்கு விடுதலை வந்துடுச்சுன்னு கேஸ் போட்டிருக்கா. அந்த தைரியத்த சொல்லு மொதல்ல.

---

பழைய பார் ரூம்:

கிடைக்கலம்மா. அந்த அம்மாவுக்கு வேலை திரும்ப கிடைக்கல. நீங்க கேட்டது சரி, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

---

காட்பாடி ஜூனியர்:

எல்லாத்தயும் ரெண்டு தடவ படிச்சேன். வாணியம்பாடி அக்கா சொன்னப்பறம் நோட்ஸ கிழிச்சிட்டு திரும்ப எழுதினேன். மொத வரி இப்ப இதுதான்: சாரிட்டி பட்லர் தான் பென்சில்வேனியா மண்ணுல இருந்த நாள எண்ணி வச்சிருந்தாங்க. அதுல ஆரம்பிச்சு, அந்த எண்ணிக்கைய தோக்கடிச்ச வக்கீல் யாருன்னு போயி, அப்புறம் பள்ளிக்கூடம், கையெழுத்து போடாதது, கிறிஸ்டியானா, கல்லறை. மேசன் சண்டை ஒரு வரிதான், ஜன்னல சொல்லுவேன்.

14வது திருத்தம் 1866ல சபைல வந்தப்ப ஸ்டீவன்ஸுக்கே அதுல திருப்தி இல்ல, கறுப்பு ஜனங்களுக்கு ஓட்டுரிமை நேரா எழுதல, ஓட்ட வீடு மாதிரி ஒட்டுப் போட்டு நிக்குதுனு அவருக்கு வருத்தம், அப்ப ஏன் ஏத்துக்கறேன்னு அவரே கேட்டுக்கிட்டு, நான் தேவதைங்க நடுவுல வாழல, மனுஷங்க நடுவுல வாழறேன்னார். அக்கா கேட்ட கேள்விக்கு இது பதில் ஆகாதுனு எனக்குத் தெரியும், ஆனா அந்த இடத்துல அக்கா கேள்விய அப்படியே கூட்டத்துல கேட்டுட்டு நிறுத்தலாம்னு இருக்கேன், யாராவது பேசட்டும். திருத்தம் மாநிலங்கள் ஒப்புதலோட சட்டமானது 1868 ஜூலை, அவர் செத்தது ஆகஸ்ட் 11.

தொரப்பாடி தம்பி, அந்தக் கல்லு வாசகம் தெரியற மாதிரி ஒரு ஃபோட்டோ கிடைக்குமா? ப்ரின்ட் போட்டு கொண்டு போகணும்.

---

தொரப்பாடி டு பென்சில்வேனியா:

ஞாயித்துக்கிழமை காலைல போறேன்க்கா. கல்லுல எழுத்து கொஞ்சம் மங்கி கீது, வெயில் பக்கவாட்டுல அடிக்கிற நேரம் பாத்து எடுத்தாதான் படிக்க வரும். நாலு பக்கமும் எடுத்து அனுப்பறேன்.